ஐந்து ஐந்தாக

முதல் நாள் மாலை வகுப்பில் புத்தகம் திறப்பதில்லை. ஆளுக்கொரு நீலத் தட்டு, தட்டையான ஒரு கரண்டி, பாட்டில் நிறையக் காலாவதியான வைட்டமின் மாத்திரைகள். "தொண்ணூறு எண்ணிக் குப்பியில் போடுங்கள்" என்பார் ஆசிரியை. மாணவர்கள் குனிந்துகொள்வார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று தள்ளுகிறவர்கள் பாதியில் கணக்கை விட்டுவிட்டு மறுபடி தொடங்குவார்கள். சிலர் பத்துப் பத்தாகக் குவித்துவைப்பார்கள். எல்லாரும் முடித்ததும் குப்பிகளை வாங்கி, ஒவ்வொன்றையும் தட்டில் கொட்டி அவரே எண்ணுவார். கரண்டி முனை ஐந்து மாத்திரையைக் கூட்டி இடப்பக்கப் பள்ளத்தில் தள்ளும். அடுத்த ஐந்து. அதற்கடுத்த ஐந்து. பதினெட்டுத் தள்ளலில் தொண்ணூறு. கண் ஒரே பார்வையில் ஐயமில்லாமல் பிடிப்பது ஐந்துதான், ஆறு வந்தால் தடுமாறும் என்று சொல்லிக்கொண்டே எண்ணுவார். பாதிக் குப்பிகளில் எண்ணிக்கை தப்பாக இருக்கும். எண்பத்தொன்பது, தொண்ணூற்றிரண்டு, ஒருமுறை நூற்று ஒன்று.

அடுத்து தட்டைத் துடைக்கச் சொல்வார், ஆல்கஹால் தொட்ட துணியால். பென்சிலின் எண்ணிய தட்டில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தூள் அடுத்தவருடைய ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு போய்ச் சேர்ந்தால், அந்த அடுத்தவருக்குப் பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி மட்டும் கேட்பார். பதிலை எதிர்பார்ப்பதில்லை. முதல் வகுப்பு அத்தோடு சரி.

டெக்சஸ் மாநிலம் ஹூஸ்டன் பகுதியில் ஒரு சமுதாயக் கல்லூரியில் மருந்தக டெக்னீஷியன்களை உருவாக்கும் வகுப்பு அது. நடத்துகிறவர் தூத்துக்குடிக்காரர். வேதியியல் பட்டத்தோடு கணவரின் வேலைக்காக 1996இல் ஹூஸ்டன் வந்தவர். 1998இல் இதே மாதிரி ஒரு வகுப்பில், இதே மாதிரி ஒரு தட்டின் முன் உட்கார்ந்து தப்பாக எண்ணியவர். பிறகு ஒன்பது ஆண்டுகள் கடையிலும் ஒன்பது ஆண்டுகள் மருத்துவமனையிலும் வேலை பார்த்துவிட்டு 2017இல் கற்பிக்க வந்தார்.

தூத்துக்குடியில் மெடிக்கல் ஷாப் என்றால் கத்தரிக்கோல். பத்து மாத்திரை அட்டையிலிருந்து நான்கைக் கத்தரித்து, சின்னக் காகித உறையில் போட்டு, காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று பேனாவால் எழுதித் தருவார்கள். அமெரிக்காவில் கடைக்கு வருவது பெரும்பாலும் நூறும் ஐந்நூறும் ஆயிரமும் கொண்ட பாட்டில்கள். அதிலிருந்து எண்ணி, தேன் நிறக் குப்பியில் போட்டு, நோயாளியின் பெயரும் மருந்தின் பெயரும் அச்சிட்ட லேபிளை ஒட்ட வேண்டும். வந்த புதிதில் இது அவருக்கு வெறும் பழக்க வேறுபாடாகத்தான் தெரிந்தது. வேலைக்கு வந்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அட்டையில் இருக்கும் மாத்திரை தன் பெயரைத் தானே சுமந்துகொண்டு போகிறது. குப்பிக்குள் விழும் மாத்திரைக்கோ லேபிள் சொல்வதுதான் பெயர். லேபிளை ஒட்டும் கை டெக்னீஷியனுடையது.

சமுதாயக் கல்லூரி என்பது அமெரிக்காவில் நூற்றாண்டு கடந்த ஏற்பாடு. இல்லினாய் மாநிலத்து ஜோலியட்டில் 1901இல் தொடங்கியது. கட்டணம் குறைவு, யார் வேண்டுமானாலும் சேரலாம். அதனாலேயே அந்த வகுப்பறைகளில் சேரும் கூட்டத்தை வேறெங்கும் பார்க்க முடியாது. 1998இல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர் வியட்நாமில் மருந்தாளுநராக இருந்து, இங்கே அந்தப் பட்டம் செல்லாமல் போக, ஐம்பது வயதுக்கு மேல் அடியிலிருந்து தொடங்கியவர். முன்னால் ராணுவத்திலிருந்து வந்த ஓர் இளைஞர். பின்னால் பகலில் ஹோட்டலில் பரிமாறிவிட்டு, இரண்டு பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வரும் பெண். பயிற்சிக்குக் கடைக்கும் மருத்துவமனைக்கும் அனுப்புவதற்கு முன் எல்லாருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை, போதைப்பொருள் சோதனை, தடுப்பூசிச் சான்று. "இதில் தேறாமல் போகிறவர்களை நினைத்துத்தான் எனக்கு வருத்தம். படிப்பில் தோற்பவர்களைக் கைதூக்கிவிடலாம்" என்கிறார் இப்போது.

அன்று பாடம் எடுத்தவர் ஓய்வு பெற்ற மருந்தாளுநர், கறாரான பெண்மணி. ஒருநாள் பலகையில் .5 என்று எழுதிவிட்டுக் கடைசி வரிசையிடம் என்ன தெரிகிறது என்று கேட்டார். ஐந்து என்றார்கள். அழித்துவிட்டு 5.0 என்று எழுதினார். இந்த முறை ஐம்பது என்று குரல் வந்தது. "நீங்கள் இரண்டு பேரைக் கொன்றுவிட்டீர்கள்" என்றார் அவர். அன்றிலிருந்து 0.5 என்றும் 5 என்றும் மட்டும்தான் தூத்துக்குடிக்காரர் எழுதுகிறார், வீட்டு மளிகைச் சீட்டில் கூட.

கணக்குதான் பலரைப் பயமுறுத்தும் பாடம். 70 சதவீத டெக்ஸ்ட்ரோஸும் 20 சதவீத டெக்ஸ்ட்ரோஸும் கையில் இருக்கின்றன. 50 சதவீதத்தில் ஒரு லிட்டர் வேண்டும். ஐம்பதிலிருந்து இருபதைக் கழித்தால் முப்பது. எழுபதிலிருந்து ஐம்பதைக் கழித்தால் இருபது. ஆக முதல் வகையில் மூன்று பங்கு, இரண்டாவதில் இரண்டு பங்கு: 600 மில்லி, 400 மில்லி. நம்மூர்ப் பள்ளியில் இரண்டு ரக அரிசியைக் கலந்து விலை கட்டும் கணக்கு இதேதான். அதைச் சொல்லித்தான் அவர் தனக்குத் தானே புரியவைத்துக்கொண்டார். இன்று ஹோண்டுராஸிலிருந்து வந்த மாணவிக்கு அதையே காப்பிக்கொட்டையாக மாற்றிச் சொல்லித் தருகிறார்.

கற்றதில் பாதியைப் பிறகு மறக்க வேண்டியும் வந்தது. மருத்துவர்கள் சீட்டில் எழுதும் லத்தீன் சுருக்கங்களை 1998இல் மந்திரம் போல் மனப்பாடம் செய்தார்கள். 'கியூ.டி.' என்றால் தினம் ஒருமுறை. 'கியூ.ஐ.டி.' என்றால் தினம் நான்குமுறை. அவசரக் கையெழுத்தில் நடுவில் ஒரு புள்ளி நீண்டுவிட்டால் ஒருமுறை நான்குமுறை ஆகிவிடும். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2004இல் பயன்படுத்தக் கூடாத சுருக்கங்கள் என்று ஒரு பட்டியலை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 'கியூ.டி.' அதில் உண்டு; இன்சுலினுக்கு யூனிட் என்பதைக் குறிக்கும் ஒற்றை 'யு' எழுத்தும் உண்டு. அந்த 'யு' கொஞ்சம் மூடிக்கொண்டால் பூஜ்யமாகத் தெரியும். நான்கு யூனிட் நாற்பதாகும். இத்தனை காலம் அது எப்படி நடமாடியது என்பதை நினைத்தால் இப்போதும் அவருக்கு வயிற்றைக் கலக்குகிறது.

1999இல் தேசியச் சான்றுத் தேர்வு எழுதினார். அப்போது அது காகிதத்தில் பென்சிலால் வட்டம் நிரப்பும் தேர்வு. தேர்வை நடத்தும் பி.டி.சி.பி. என்ற வாரியமே 1995இல் பிறந்ததுதான். இன்று கணினியில் 90 கேள்விகள், 1 மணி 50 நிமிடம், 1600க்கு 1400 எடுத்தால் தேர்ச்சி. அதன் பின்னும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 20 மணி நேரத் தொடர்கல்வி காட்டிச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும்.

முதல் வேலை ஒரு பெரிய சங்கிலிக் கடையில். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். சீட்டு வாங்கும் ஜன்னல், கணினியில் ஏற்றும் இடம், எண்ணும் மேடை, கொடுக்கும் ஜன்னல், காரிலேயே வந்து வாங்குகிறவர்களுக்கு இன்னொரு ஜன்னல். மூன்று தொலைபேசி. பார்மசிஸ்ட் ஒருவர், டெக்னீஷியன் இருவர். எண்ணுவது, ஒட்டுவது, ஏற்றுவது, பணம் வாங்குவது எல்லாம் டெக்னீஷியன் செய்யலாம். சரிபார்த்து முடிப்பது பார்மசிஸ்ட். மருந்தைப் பற்றி நோயாளிக்கு ஆலோசனை சொல்வதும் பார்மசிஸ்ட் மட்டுமே. இதைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடலாமா என்ற கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தாலும் டெக்னீஷியன் வாய் திறக்கக் கூடாது. இந்தக் கோட்டைப் புரிந்துகொள்வது எளிது, கடைப்பிடிப்பதுதான் கஷ்டம்.

அந்தக் கஷ்டம் ஒருநாள் தமிழ் பேசிக்கொண்டு வந்தது. மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெரியவர், வேட்டியை விட்டுப் பேன்ட் போட்டுப் பழகாத நடை. கையில் காலியான மாத்திரை அட்டை. அம்லோடிபின், 5 மில்லிகிராம்.

"ஏம்மா, தமிழ்ப் பொண்ணா? எந்த ஊரு?"

"தூத்துக்குடி ஐயா."

"அப்பம் நம்ம பக்கம்தான். கொண்டுவந்தது தீந்துபோச்சு தாயி. மூணு அட்ட குடு, போதும். துட்டு தாரேன்."

இவருக்குப் பின்னால் நாலடி தூரத்தில் அலமாரியில் அதே அம்லோடிபின் ஆயிரம் மாத்திரை பாட்டிலில் இருக்கிறது. விலையும் சொற்பம். ஆனால் இங்கே செல்லுபடியாகும் மருத்துவர் சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரை எடுத்துத் தர முடியாது. "நான் எடுத்துக் குடுக்கக் கூடாதுய்யா. செத்த இருங்க, எங்க பார்மசிஸ்டக் கூட்டிட்டு வாறேன்" என்றார். பார்மசிஸ்ட் வந்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், பக்கத்தில் முன்பதிவில்லாமல் பார்க்கும் கிளினிக் எது என்று எழுதித் தந்தார். அவர் பேசியதைத் தமிழில் சொல்லும் வேலை மட்டும் இவருக்கு. "நம்மூர்ல கேட்டா எடுத்துத் தருவானே" என்று பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அன்று மாலை அவர் சீட்டோடு திரும்பி வரும் வரை இவருக்கு வேலை ஓடவில்லை.

ஹூஸ்டனில் 2000களில் கடைகளுக்கு வந்த இன்னொரு கூட்டம் வேறு மாதிரி. ஹைட்ரோகோடோன், அல்பிரசோலம், கரிசோபிரடால் மூன்றையும் ஒரே சீட்டில் கொண்டுவருவார்கள். இந்தச் சேர்க்கைக்கு நகரத்தின் பெயரையே வைத்து 'ஹூஸ்டன் காக்டெயில்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. வலி மாத்திரை, பதற்ற மாத்திரை, தசை தளர்த்தி. சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடக் கூடியவை. கள்ளச் சீட்டுகளும் இதில்தான் அதிகம்.

சீட்டு மெய்யா என்று பார்க்க வகுப்பில் ஒரு கணக்கு சொல்லித் தருவார்கள். போதை தரும் மருந்துகளை எழுத அனுமதி உள்ள ஒவ்வொரு மருத்துவருக்கும் கூட்டாட்சி அரசின் போதைப்பொருள் தடுப்பு அமைப்பான டி.ஈ.ஏ. ஓர் எண் தரும்: இரண்டு எழுத்து, ஏழு இலக்கம். இலக்கங்கள் 1234563 என்று வைத்துக்கொள்வோம். முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது இலக்கங்களைக் கூட்டினால் 9. இரண்டாவது, நான்காவது, ஆறாவதைக் கூட்டினால் 12. அதை இரட்டித்தால் 24. இரண்டும் சேர்ந்து 33. கடைசியில் வரும் 3தான் ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். இருக்கிறது. மருத்துவரின் குடும்பப் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அதுவே எண்ணின் இரண்டாவது எழுத்து. இந்தக் கணக்கைத் தெரியாமல் வாய்க்கு வந்த எண்ணை எழுதுகிறவர் பெரும்பாலும் மாட்டிக்கொள்வார்.

நல்ல உடை, நல்ல பேச்சு, முதுகுவலி என்று சொன்ன ஒருவர் நீட்டிய சீட்டில் கூட்டுத்தொகை 7இல் முடிந்தது, எழுதியிருந்தது 2. அவர் முகத்தைப் பார்த்து "இருபது நிமிடம் ஆகும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பென்சிலால் அந்த 2ஐச் சுழித்துப் பார்மசிஸ்ட் பக்கம் நகர்த்தினார். பார்மசிஸ்ட் கிளினிக்குக்குத் தொலைபேசியில் பேசி முடிப்பதற்குள் ஆள் போய்விட்டார். 2014 அக்டோபரில் ஹைட்ரோகோடோன் கலந்த மாத்திரைகள் எல்லாம் கடுமையான கட்டுப்பாடுள்ள இரண்டாம் பட்டியலுக்கு மாற்றப்பட்டன. அதற்குப் பிறகு அதே சீட்டில் மறுபடி வாங்கும் ரீஃபில் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த மாற்றம் பத்து ஆண்டு முன்னால் வந்திருக்கலாம் என்பது அவருடைய உறுதியான எண்ணம். கடையில் நின்றவர்களுக்கு அது அப்போதே தெரியும்.

அவருடைய சொந்தத் தவறும் அந்தக் கடையில்தான் நடந்தது. மாலை ஆறு மணி, காரில் வருகிறவர்களின் வரிசை சாலை வரை நின்றது. அரிப்புக்கு ஹைட்ராக்சிசின் 25 மில்லிகிராம், முப்பது மாத்திரை. கை அலமாரிக்குப் போய் ஹைட்ராலசின் 25 பாட்டிலை எடுத்தது. அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. ஆங்கிலத்தில் இரண்டு பெயரும் ஒரே மாதிரி தொடங்கி ஒரே மாதிரி முடியும். அகர வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அளவும் ஒன்று. அந்தக் கடையில் பார்கோடு வருடிப் பார்க்கும் கருவி அப்போது இல்லை. ஐந்து ஐந்தாக ஆறு தள்ளல், எண்ணிக்கை அப்பழுக்கில்லாமல் முப்பது. லேபிள் ஒட்டி, கூடையில் வைத்து, பாட்டிலையும் பக்கத்தில் வைத்தார்.

பாட்டிலைப் பக்கத்தில் வைத்ததுதான் காப்பாற்றியது. எடுத்த பாட்டிலை நிரப்பிய குப்பியோடு சேர்த்தே சரிபார்க்க அனுப்ப வேண்டும் என்பது வகுப்பில் கற்றது. கடையில் பலர் அவசரத்தில் விட்டுவிட்ட வழக்கம். பார்மசிஸ்ட் பாட்டிலைத் திருப்பிப் பெயரைப் பார்த்தார், லேபிளைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் குப்பியைத் திரும்ப அவர் கையில் வைத்தார். திட்டவில்லை. அன்று இரவு வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் போய் இரண்டு பாட்டிலையும் வெவ்வேறு தட்டுக்கு மாற்றி, இடையில் மஞ்சள் அட்டை செருகினார். இத்தகைய பெயர்களில் வேறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடும் முறையை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2001இலிருந்தே வலியுறுத்தி வந்தது. அது கடைத் திரைகளுக்கும் அலமாரிகளுக்கும் வந்து சேரச் சில ஆண்டுகள் பிடித்தன. இன்று அவருடைய வகுப்பில் இந்த இரட்டையர்களுக்கென்று தனியாக ஒரு மாலை. தன் கதையை மறைக்காமல் சொல்லித்தான் தொடங்குகிறார்.

பிறகு வந்தது 2006 ஜனவரி 1. முதியோருக்கான மெடிகேர் மருந்துக் காப்பீடு தொடங்கிய நாள். அதுவரை ஏழைகளுக்கான மெடிகெய்டில் மருந்து வாங்கிக்கொண்டிருந்த முதியவர்கள் ஒரே இரவில் புதிய திட்டங்களுக்கு மாற்றப்பட்டார்கள். யார் எந்தத் திட்டத்தில் இருக்கிறார் என்பது அவர்களுக்கே தெரியாது, கணினிக்கும் தெரியவில்லை. காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் திரையில் ஓர் எண் வரும். 70 என்றால் இந்த மருந்து திட்டத்தில் இல்லை. 75 என்றால் முன் அனுமதி வேண்டும். 79 என்றால் மீண்டும் வாங்க இன்னும் நாளாகவில்லை. அந்த மாதம் முழுக்கக் காதுக்கும் தோளுக்கும் நடுவே தொலைபேசியை இடுக்கிக்கொண்டு, காத்திருப்பு இசையைக் கேட்டுக்கொண்டே மாத்திரை எண்ணினார். இன்சுலினுக்காகக் குளிர்ப்பெட்டியோடு வந்து மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியை இன்னும் மறக்கவில்லை. டெக்னீஷியன் வேலை என்பது பாதி மருந்து, பாதி இன்ஷூரன்ஸ் என்று ஆனது அந்த மாதத்தில்தான். அதற்கு முன் படித்தவர்களுக்குப் பாடத்தில் இன்ஷூரன்ஸ் இரண்டு வகுப்பு. இப்போது அவர் அதற்கு நான்கு வாரம் ஒதுக்குகிறார், அதுவும் போதவில்லை என்கிறார்.

2008இல் மருத்துவமனைக்கு மாறினார். நரம்பில் ஏற்றும் மருந்துகளைக் கலக்கும் அறை. அங்கே வேலை நேரத்தில் பாதி உடுத்துவதில் போகும். காலணி உறை, தலையுறை, முகக்கவசம். பிறகு முழங்கை வரை அரை நிமிடம் கழுவல். பிறகு அங்கி, கடைசியில் கிருமி நீக்கிய கையுறை. நகை கூடாது, ஒப்பனை கூடாது. உதிரும் தூள் எதுவும் ரத்தத்துக்குள் போகிற மருந்தின் பக்கம் வரக் கூடாது. முதல் நாள் வளையலையும் மூக்குத்தியையும் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு, ஸ்டிக்கர் பொட்டை எடுத்து லாக்கர்க் கதவின் உள்பக்கம் ஒட்டினார். வேலை முடிந்ததும் அதையே எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வார். ஒன்பது ஆண்டில் அந்தக் கதவின் உள்பக்கம் பசைத் தடங்களால் புள்ளிக் கோலம் போட்டது மாதிரி ஆகியிருந்தது.

வேலை நடப்பது ஒரு மேடையில். பின்னாலிருந்து வடிகட்டிய காற்று முன்னோக்கி வந்துகொண்டே இருக்கும். அந்தக் காற்று முதலில் தொட வேண்டியது ஊசி முனையையும் குப்பியின் ரப்பர் மூடியையும். நடுவில் கை வந்தால், கையைத் தொட்ட காற்று மருந்தைத் தொடும். ஆகவே விரல்கள் எப்போதும் பொருளுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ இருக்க வேண்டும், விளிம்பிலிருந்து ஆறு அங்குலம் உள்ளே. ஊசியை ரப்பரில் நேராகக் குத்தினால் துணுக்குப் பெயர்ந்து மருந்தில் விழும். சாய்த்து, வெட்டுமுனை மேலே பார்க்க நுழைத்து, பிறகு நிமிர்த்த வேண்டும். கை சுத்தம் என்று வாயால் சொன்னால் போதாது. மருந்துக்குப் பதில் கிருமி வளரும் சத்துக் குழம்பைக் கலந்து பதினான்கு நாள் வெதுவெதுப்பில் வைப்பார்கள். கலங்கினால் அந்தக் கை தோற்றது. புதிதாக வந்த ஒருவருடைய குழம்பு கலங்கியதைப் பார்த்த நாளிலிருந்து தும்மலுக்கே பயந்தார்களாம் அந்த அறையில்.

ஒவ்வொரு செமஸ்டரிலும் ஒரு வகுப்பை அவர் எமிலி ஜெர்ரி என்ற குழந்தைக்கு ஒதுக்குகிறார். ஓஹையோ மாநிலம் கிளீவ்லாந்தில், 2006 மார்ச்சில் இறந்தபோது அவளுக்கு வயது இரண்டு. புற்றுநோய்க் கட்டி கரைந்துவிட்டது. கடைசிச் சுற்று மருந்து மட்டும் பாக்கி. அந்த மருந்தை 0.9 சதவீத உப்புக் கரைசலில் கலக்க வேண்டும். டெக்னீஷியன் கலந்த பையில் 23.4 சதவீத அடர் கரைசல் இருந்தது. இருபத்தாறு மடங்கு உப்பு. சரிபார்த்த மருந்தாளுநரும் கவனிக்கவில்லை. அவர் உரிமம் போய்ச் சிறைக்கும் போனார். ஓஹையோவில் அதுவரை டெக்னீஷியனுக்கு என்று பயிற்சித் தகுதி எதையும் சட்டம் கேட்கவில்லை. பெற்றோரின் போராட்டத்துக்குப் பின் 2009இல் எமிலி பெயரால் சட்டம் வந்தது.

இதைச் சொல்லும்போது அவர் பலகையில் எதையும் எழுதுவதில்லை. இரண்டு வெற்றுக் குப்பிகளை மேசையில் வைப்பார், ஒன்று 0.9, ஒன்று 23.4. மாணவர்கள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அடுத்தவருக்குத் தர வேண்டும். வகுப்பு அப்போது அடங்கிப்போகும் அமைதி வேறு எந்தப் பாடத்திலும் வராது.

2012இல் மாசசூசெட்ஸின் ஃபிரமிங்ஹாமில் ஒரு கலப்பு மருந்தகம் தயாரித்த ஸ்டீராய்டு ஊசி மருந்தில் பூஞ்சை கலந்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 20 மாநிலங்களில் 750க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். முதுகுவலிக்கு ஊசி போட்டுக்கொண்டவர்கள் அவர்களில் பெரும்பாலோர். மறு ஆண்டே புதிய சட்டம் வந்தது. அவருடைய மருத்துவமனை அறையிலும் துடைப்பதற்கும் பதிவதற்கும் தாள்கள் இரட்டித்தன. அந்தத் தாள்களைப் பற்றிக் குறைப்பட்டவர்கள் உண்டு. அவர் குறைப்படவில்லை.

கற்பிக்கச் சேர்ந்த முதல் செமஸ்டர் தொடங்கவிருந்த வாரத்தில் ஹார்வி புயல் வந்தது. 2017 ஆகஸ்ட் கடைசி. ஹூஸ்டன் மிதந்தது. நகர மையத்தில் ஜார்ஜ் ஆர். பிரவுன் மாநாட்டு மண்டபத்தில் மட்டும் பத்தாயிரம் பேர் ஒதுங்கினார்கள். தன் பகுதியில் ஒரு முகாமுக்கு அவர் உதவிக்குப் போனார். ஈரத்தில் மை கரைந்த லேபிள்களோடு குப்பிகளைக் கொண்டுவந்தார்கள். சிலரிடம் பிளாஸ்டிக் பையில் நான்கைந்து மாத்திரை மட்டும். "வெள்ளையா, வட்டமா, சின்னதா இருக்கும்" என்பதுதான் பலருக்குத் தெரிந்த மருந்துப் பெயர். அங்கே கைகொடுத்தது மாத்திரையின் முதுகில் பொறித்த எழுத்தும் எண்ணும். அமெரிக்காவில் விற்கும் மாத்திரை ஒவ்வொன்றிலும் அந்த அடையாளம் இருக்க வேண்டும் என்பது 1995இலிருந்து விதி. லென்ஸை வைத்துப் படித்து, தேடி, பெயரும் அளவும் எழுதிப் பார்மசிஸ்ட்டிடம் நீட்டுவார். பேரிடர்க் காலத்தில் மருத்துவரைத் தொடர்புகொள்ள வழியில்லை என்றால் முப்பது நாள் மருந்து வரை பார்மசிஸ்ட் தரலாம் என்று டெக்சஸ் சட்டம் இடம் தருகிறது. மூன்று நாளில் எத்தனை மாத்திரையைப் படித்தார் என்று கணக்கில்லை. வகுப்பு தொடங்கியபோது முதல் பாடத்தை அவர் தேட வேண்டியிருக்கவில்லை.

கோவிட் வந்தபோது தொழில் இன்னொரு தடவை புரண்டது. 2020 அக்டோபரில் கூட்டாட்சி அரசு, மருந்தாளுநரின் மேற்பார்வையில் டெக்னீஷியனே தடுப்பூசி போடலாம் என்றது; அதற்குத் தனிப் பயிற்சி. மாத்திரையைத் தொட்ட கை மனிதரின் தோளைத் தொட்டது. கை நடுங்கிய மாணவிகள் வாரக் கடைசியில் நூறு பேருக்குப் போட்டுவிட்டு வந்து நின்றபோது அவர்கள் நிற்கும் நிலையே மாறியிருந்தது என்கிறார்.

ஆனால் வேலையை விட்டுப் போனவர்களும் அந்தக் காலத்தில்தான் அதிகம். 2023இல் டெக்னீஷியன்களின் நடுமட்டச் சம்பளம் ஆண்டுக்கு 40,300 டாலர். ஹூஸ்டனில் தனியாளாகக் குடும்பம் நடத்துகிறவருக்கு இது இழுத்துப்பிடிக்கும் தொகை. ஆள் கிடைக்காத கடைகள் புதியவரைச் சில நாளில் மேடையில் நிறுத்திவிடுகின்றன. டெக்சஸில் பயிற்சி பெறுபவராகப் பதிந்துகொண்டால் இரண்டு ஆண்டுக்குள் தேர்வில் தேறினால் போதும். அதுவரை வேலை பார்த்துக்கொண்டே கற்கலாம். இது தவறான வழி என்று அவர் சொல்லவில்லை, நல்ல பார்மசிஸ்ட் வாய்த்தால் நன்றாகவே கற்கலாம். ஆனால் வரிசை சாலை வரை நிற்கும் மாலையில் யாருக்குக் கற்றுத்தர நேரம் இருக்கிறது? நிதானமாகத் தப்பு செய்து, தப்பைக் கையில் எடுத்துப் பார்த்து, மறுபடி எண்ணுவதற்கு ஓர் இடம் வேண்டும். அது வகுப்பறைதான். கடையில் செய்யும் தப்பு யாருடைய உடம்புக்குள்ளோ போகிறது. இந்த விஷயத்தில் அவர் குரல் உயரும். நியாயமான உயரம்தான்.

கணவருக்கு ரத்தக்கொதிப்பு வந்து நான்கு ஆண்டாகிறது. மாதம் ஒருமுறை பக்கத்துக் கடைக்கு ஆசிரியையே போய் மருந்து வாங்குகிறார். காரைக் கிளப்புவதற்கு முன் குப்பியைத் திறந்து ஒரு மாத்திரையை உள்ளங்கையில் போட்டு, மூக்குக் கண்ணாடியை உயர்த்தி, பொறித்த எழுத்தைப் படிப்பார். போன மாதம் மாத்திரையின் நிறம் மாறியிருந்தது. இறங்கி மறுபடி உள்ளே போனார். ஜன்னலில் நின்றது அவரிடம் படித்த பெண், ஹோண்டுராஸ்காரி. கேட்பதற்கு முன்பே அவள் அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். கம்பெனி மாறியிருக்கிறது, மருந்து அதேதான், லேபிளின் ஓரத்திலும் அச்சிட்டிருக்கிறது பாருங்கள் என்றாள். பிறகு, "பார்மசிஸ்ட்டிடம் பேச வேண்டுமா மிஸ்?" என்று கேட்டாள்.

"வேண்டும்" என்று சொல்லிவிட்டு வரிசையில் நின்றார்.